குளிகை வராத வாரம்

முதலில் கொட்டாவி வந்தது. ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு வாயை மூடவே முடியவில்லை. கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகியது. கோடை வெயிலில் கை மயிரெல்லாம் சிலிர்த்து நின்றது. பொழுது சாய்வதற்குள் வயிற்றுப்போக்கு. காலெலும்புக்குள் ஏதோ ஊர்வதுபோல் வேதனை; நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை.

எங்கள் ஊர் நகரி. ஆந்திரம் தனி ராஜ்யமாகி, எந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம். அந்த வாரம் கடையடைப்பு, பஸ் ஓடவில்லை. பள்ளிப்பட்டுப் பக்கத்து வைத்தியரிடமிருந்து எனக்கு வரவேண்டிய மருந்துக் குளிகையும் வரவில்லை. இதற்கும் என் உடம்புக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அடிவயிற்றில் தங்கிவிட்ட வலிக்குத்தான் அவர் அந்தக் கறுப்புக் குளிகையைத் தந்தார். விழுங்கினால் வலி தள்ளிப்போய் நிற்கும். நாளாக நாளாக ஒன்று போதவில்லை. மலம் கட்டியது, பசி செத்தது, மாதவிலக்கு நின்றது. பலவீனம் என்றார்கள். என் குழந்தை அழுதால் பக்கத்து வீட்டில் யாரோ அழுவதுபோல் கேட்கும்.

வீட்டில் காலரா என்று பயந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ரயிலேற்றித் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு லேடி டாக்டர் என் இமையைத் தூக்கிப் பார்த்தார். கருமணி அகலமாக விரிந்திருந்ததாம். சிலிர்த்திருந்த கையைத் தடவினார்.

"காலரா இல்ல. ஏம் மந்து? என்ன மருந்து சாப்பிடறேம்மா?"

"வயித்து நோவுக்கு நாட்டு மருந்து துன்னுக்கினு இருக்கா டாக்டரம்மா. வேற ஒண்ணும் இல்ல" என்றார் இவர்.

"கறுப்பா, கசப்பா இருக்குமா?"

தலையாட்டினேன்.

"அதுல அபினி இருக்கு, கசகசாக் காயைக் கீறி எடுக்கற பால். திடீர்னு நின்னதால உடம்பு அதைக் கேட்டு அழுவுது."

இவர் முகம் வெளுத்துவிட்டது. "சாராயம் குடிச்சிட்டு வுழுந்து கெடக்கறவன பாத்துக்கீறேன். இவளுக்கு எப்பிடிம்மா இது வரும்?"

"வலிக்குதுன்னு சாப்பிட்டா, பழகிப்போச்சு. திட்டி இதை நிறுத்த முடியாது. மெதுவா இறக்கணும்."

அப்படித்தான் இறக்கினார்கள். அபினி டிங்சரை (சாராயத்தில் ஊறவைத்து எடுத்த மருந்து) சர்க்கரைப் பாகில் கலந்து, அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். வலிக்குக் காரணமான கர்ப்பப்பைப் புண்ணுக்குப் பென்சிலின் ஊசி போட்டார்கள்.

ஒருநாள் தாங்க முடியாமல் இவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "ஒண்ணே ஒண்ணு வாங்கியாந்து குடுங்க."

வெளியே எழுந்து போனார். வாங்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கால்களைப் பிடித்துவிட ஆரம்பித்தார். பொம்பளை வார்டு. பக்கத்துக் கட்டில்காரி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"வுடுங்க, சிரிக்கிறாங்க."

"சிரிச்சிக்கினு போறாங்க. நீ கால நீட்டு."

கொஞ்ச நாள் கழித்து, "இன்னைக்கு மருந்து நல்லா கேட்டுச்சு" என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "இந்த வாரம் பூரா நீ குடிச்சது வெறும் பாகு."

எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. வெகுநாளாக நான் இரண்டையும் செய்திருக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். அறையில் போட்டுப் பூட்டாதீர்கள். திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். எதைச் சாப்பிட்டார் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஊருக்கு வந்த பிறகும் ஆசை என்னை விடவில்லை; மழை நாளில் அதிகமாக வரும். வந்தால் இவரிடம் சொல்லிவிடுவேன். சொன்னால் பாதி தணியும்.

சில வருஷம் கழித்து, சித்தூர் ஆஸ்பத்திரியில் எனக்குக் குடல்வால் ஆபரேஷன். வலிக்கு ஊசியோடு வந்த டாக்டரிடம், வார்டே கேட்கும்படி சொன்னேன்: "சார், இது அபினி பழகி, விட்ட உடம்பு."

அவர் ஊசியைத் தாழ்த்தினார். "சொன்னது நல்லதும்மா. தேவைக்கு மட்டும் போடறேன். எப்ப நிறுத்தணுமோ, நானே நிறுத்திடறேன்."

சொன்னபடியே நிறுத்தினார். அதன் பிறகு வலி வந்தது. ஏறியது, இறங்கியது. ஏறும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன். இறங்கியபோது ஜன்னலில் வெயில் இருந்தது, எனக்குப் பசித்தது. அடுத்த கட்டிலில் கமலாப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள். கையை நீட்டி ஒரு சுளை கேட்டு வாங்கித் தின்றேன்.