மங்களம் அக்காவுக்குக் கல் வேண்டாம்

லண்டன் டூட்டிங்கில் மீன்கடையில் நின்றபோதுதான் செய்தி வந்தது. எங்களோடு ஆஸ்பத்திரி வார்டில் வேலைசெய்த ராணி மூச்சிரைக்க வந்து, "மங்களமக்கா மோசம் போயிட்டா" என்றாள். எதிர்பார்த்திருந்த சாவுச் செய்திதான். ஆனாலும் வாங்கிய மீனை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மங்களம் அக்கா மொரீசியசில் ஒரு கரும்புத் தோட்டத்தில் பிறந்தவர். நேர்ஸ் படிப்புக்கு வந்து, தென் லண்டனில் முதியோர் வார்டு ஒன்றின் சிஸ்டராக, அதாவது தலைமைத் தாதியாக உயர்ந்தவர். எண்பதுகளின் நடுவில் நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே துப்புரவு வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது அக்காவுக்குத் தமிழ் பேசத் தெரியாது. தேவாரம் மட்டும் பொருள் தெரியாமல் பாடுவார். பேசக் கற்றுத்தரும்படி என்னைக் கேட்டார். அதனால்தான் அந்த மொரீசியஸ்காரி ஆம் என்பதற்கு "ஓம்", முடியாது என்பதற்கு "ஏலாது" என்று எங்கள் ஊர்த் தமிழ் கதைத்தார்.

பிறகு ஒரு வருடம் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, கடல் கடந்த தமிழரைப் பற்றிக் கண்காட்சி வைத்தது. அக்கா ஒரு படம் கொடுத்தார். கரும்புக்கு நடுவே படிகளாக அடுக்கிய கருங்கல் குவியல், சின்னக் கோபுரம் அளவு. பள்ளித் தலைவர் ஐயாவுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், "சோழர் கட்டிய கோயில்" என்று கொட்டை எழுத்தில் எழுதி முகப்பிலேயே மாட்டிவிட்டார். எங்கள் ஆட்களுக்கு எங்கே கல்லைக் கண்டாலும் அது அரசன் கட்டியதாகத்தான் இருக்கவேண்டும்!

அக்கா படத்தின் முன் வந்து நின்றார்.

"ஐயா, இது கோயில் இல்லை. கரும்பு நடுறதுக்காக எங்கடை ஆக்கள் நிலத்திலை இருந்து சுமந்து குவிச்ச கல்லு. கல்லைப் புரட்டினால் பொன் இருக்கும் எண்டு சொல்லித்தான் என்ரை பூட்டனைக் கப்பல் ஏத்தினவை. அப்பா இந்தக் குவியலிலைதான் செத்தவர். சுமந்த கல்லோடை விழுந்திட்டார். துரை குதிரையிலை இருந்து சொன்னான், முதல்லை கல்லை மேலை வையுங்கோ, பிறகு ஆளைத் தூக்குங்கோ எண்டு. வைச்சவை. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

தலைவர் ஐயா என்ன செய்தார் தெரியுமா? "கூலிக் கதை பிள்ளையளுக்கு என்னத்துக்கு?" என்று படத்தையே கழற்றிவிட்டார். அக்கா சண்டை பிடிக்கவில்லை. படத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு பஸ்ஸில் வந்தார். பஸ் ஸ்ட்ரெதம் வந்தபோது சொன்னார்.

"பிள்ளை, நான் செத்தால் எனக்கு மேலை ஒரு கல்லும் வைக்க விடாதை. பேர் பொறிச்சதும் வேண்டாம். எங்கடை குடும்பம் சுமந்தது காணும், இனிப் போதும்."

"ஓம் அக்கா" என்றேன்.

அவருக்குப் பிள்ளைகுட்டி இல்லை. கடைசி மாதங்கள் கொடியவை. புற்றுநோய் எலும்புக்குள் இறங்கியிருந்தது. எத்தனையோ நோயாளரைப் புரட்டிப் படுக்கவைத்த மனுஷியைப் புரட்ட ராணியும் நானுமாக இரண்டு பேர் வேண்டியிருந்தது. வலியில் நான் சொல்லிக்கொடுத்த தமிழ் போய்விட்டது. பிறந்த ஊரின் கிரியோல் மொழியில்தான் அரற்றினார். "பப்பா" என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது.

தகனத்துக்குத் தலைவர் ஐயாவும் மாலையோடு வந்தார். அழுதார், அது பொய் அழுகை என்று சொல்லமாட்டேன். தகனசாலைத் தோட்டத்தில் அக்காவின் பெயர் பொறித்த கருங்கல் ஒன்றைப் பள்ளி பதிக்கும் என்று அறிவித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"ஏலாது" என்றேன்.

"ஏன் பிள்ளை, மரியாதைக்குத்தானே?"

"மரியாதை எண்டால் அந்தப் படத்தைத் திருப்பி மாட்டுங்கோ. அக்கா சொன்னதைக் கீழை எழுதுங்கோ."

அவர் மாலையைப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு நகர்ந்தார். இன்றுவரை படத்தைக் கேட்டு வரவில்லை. அக்கா விட்டுப்போன படம் என்னிடம்தான் இருக்கிறது, ஐயா. எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கலாம்.

நேற்றுச் சாம்பலைத் தகனசாலைத் தோட்டத்து ரோஜாச் செடிகளுக்கிடையே தூவினோம். சாம்பல் விழுந்த மண்ணில் ஒரு கூழாங்கல் கிடந்தது. குனிந்து எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

போய் வாருங்கள், அக்கா. இதை நான் கொண்டு போகிறேன்.