சூளையில் போட்ட உப்பு

எங்கள் களத்தில் ஒரு மரம்கூடக் கிடையாது. சாக்கடைக்குப் பதிக்கிற பீங்கான் குழாய்கள் செய்வது எங்கள் தொழில். சூளைக்குப் போகும் முன் பச்சைக் குழாய் நன்றாக வெயிலில் காய வேண்டும் என்பதால், தானாக முளைக்கிற வேப்பங்கன்றைக்கூட என் வீட்டுக்காரர் பிடுங்கி எறிந்துவிடுவார். அந்த மொட்டைக் களம் ஆராய்ச்சிக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

மழை பொய்த்துப்போன வருஷம் அது. விமானத்திலிருந்து மேகத்தில் உப்புத்தூள் தூவினால் மழை கூடுதலாகப் பெய்யுமா என்று அரசாங்கச் செலவில் சோதித்துப் பார்க்க வந்தவர்கள் அவர்கள். மறைப்பே இல்லாத இடம் வேண்டுமென்று விருத்தாசலம் முழுக்கத் தேடி, மழை பெய்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டிய எங்கள் களத்தின் நடுவில் மழைமானியை நட்டார்கள்.

"எமனுக்கு நாமளே நாற்காலி போட்டுக் குடுத்திருக்கோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

தினமும் காலையில் ஓர் இளம் விஞ்ஞானி மேடம் வந்து மழைமானிக்குள் எட்டிப் பார்ப்பார். "ஒண்ணுமில்லைங்க" என்பார் சோகமாக. இவர் முகமெல்லாம் பல்லாகி, மேடத்துக்கு டீ வாங்கி வரச் சொல்வார். எனக்கோ அண்ணன் நினைப்பு வந்துவிடும். கருவேப்பிலங்குறிச்சியில் அவர் மானாவாரியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தார். விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கிற நேரம். அந்த வாரம் ஒரு மழை விழாவிட்டால் கொடியைப் பிடுங்கி மாட்டுக்குப் போட வேண்டியதுதான். வாக்கப்பட்ட வீட்டுக்கு வெயில் வேண்டும், பிறந்த வீட்டுக்கு மழை வேண்டும். கோயிலுக்குப் போனால் எதைக் கேட்பதென்று தெரியாமல் கன்னத்தில் மட்டும் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவேன்.

விமானம் திட்டக்குடிப் பக்கம் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. ஒரு பொட்டு மழை இல்லை. மறுநாள் காலை அண்ணன் ஒரு மூட்டை கல்லுப்போடு மொபெட்டில் வந்து இறங்கினார்.

"எதுக்கு மச்சான் இவ்ளோ உப்பு?"

"ஏரோப்ளேன்காரன் மேலேருந்து போடறத நீங்க கீழேருந்து போடறீங்க மாப்ள. எரியற சூளையில நீங்க உப்பு போட்டா வெள்ளையா பொக கெளம்புதே, அது எங்க போவுது? மேகத்துக்குத்தான?"

"குழா பளபளன்னு வர்றதுக்குப் போடறதுங்க அது!"

"ரெண்டு வேலையும் ஆவட்டுமே!"

மழைமானி பார்க்க வந்திருந்த மேடம் சிரித்த சிரிப்பில் டீ சிந்திவிட்டது. "சூளைப் புகை அவ்வளவு உயரம் போகாதுங்க. மேகம் இல்லைன்னா விமானத்தாலயே ஒண்ணும் பண்ண முடியாது" என்று பொறுமையாகச் சொன்னார். அண்ணன் கைகட்டி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மேடத்தின் ஜீப் தெருமுனை திரும்பியதும் மண்வெட்டியைக் கையில் எடுத்தார். சூளைக்கு அன்றைக்கு எப்படியும் உப்புப் போட வேண்டியிருந்தது. வந்த உப்பை விடுவானேன் என்று இவரும் அடுப்பு வாயைத் திறந்துவிட்டார். அண்ணன் அள்ளி அள்ளிப் போட்டார். புகை குபுகுபுவென்று கிளம்பியது. புருவத்தில் கைவைத்து அண்ணாந்து பார்த்தபடியே மத்தியானச் சாப்பாட்டை மறந்துபோனார்.

மூன்று மணி வாக்கில் மேற்கே கறுத்தது. முதல் சொட்டு என் மூக்கில் விழுந்தது. தார்ப்பாயை எடுக்க ஓட வேண்டிய நான் கைதட்டிக் குதித்தேன்!

"ஏய், ஆடாத! தார்ப்பாய எடுடி!"

மூன்று பேரும் ஓடினோம். அண்ணன் தோளுக்கொரு குழாயாகத் தூக்க, அவை முறுக்கு மாவு மாதிரி வளைந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டன. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாதிக் குழாய்களைக் கொட்டகைக்குள் சேர்த்தோம். மீதி சேறாகிவிட்டது. அதன் நடுவில் இவர் தலைமுதல் கால்வரை களிமண்ணாக நின்றதைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றது. இந்த மழை இங்கே மட்டும் பெய்து, அங்கே பெய்யாமல் போயிருந்தால்?

அண்ணன் கொட்டகைக்குள் போய் ஊருக்குப் போன் போட்டார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே வெளியே வந்தார்.

"மல்லாட்டக் கொல்லையில தண்ணி நிக்குதாம், மாப்ள."

இவர் சேற்றைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். "அப்ப ஆடுங்க மச்சான்!" என்று அவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். இரண்டு பேரும் சேற்றில் வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஆடினார்கள். என்னைக் கட்டிய மனுஷனை அன்றைக்குப் போல் எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை.

மழை விட்டதும் மேடம் ஓடிவந்து மழைமானியைப் பார்த்தார். "இன்னைக்கு விமானம் கிளம்பவே இல்லைங்க, ரிப்பேர்" என்றார்.

"அப்ப உப்புதான்!" என்று கத்தினார் அண்ணன்.

"இல்லைங்க, இது தானா வந்த மழை. பறக்காத நாள் மழையையும் எழுதினாத்தான், எது எங்களால வந்ததுன்னு தெரியும்" என்று சொல்லிப் பார்த்தார். யார் காதில் விழுந்தது?

கரைந்த களிமண்ணை மறுபடி மிதித்துக் குழாயாக்கி, சுட்டு, விற்றும் முடித்தோம். இரண்டு மாதம் கழித்து அண்ணன் ஒரு அண்டா நிறைய அவித்த மல்லாட்டையோடு வந்தார். இவர் ஒன்றை உடைத்து வாயில் போட்டு, நிதானமாக மென்று, முகத்தைச் சுளித்தார்.

"உப்பு பத்தல மச்சான்."

அண்ணன் சூளையைக் கைகாட்டினார். "எல்லாத்தையும் அங்க போட்டுட்டனே, மாப்ள!"