ஞானமுத்து மேஸ்திரியும் என் வீட்டு விறகடுப்பும்

ஸ்கெலட்டன் லைனிலிருந்து மருமகன் ஓடிவந்து, "அத்தை, அப்பா போயிட்டாரு" என்று சொன்னபோது, நான் அந்த அப்பாவைத்தான், என் சம்பந்தி ஞானமுத்து மேஸ்திரியைத்தான், திட்டிக்கொண்டிருந்தேன். அவர் செய்துகொடுத்த இரும்பு விறகடுப்பின் கதவு அன்றைக்கும் மூடவில்லை. முழங்காலால் இடித்துக்கொண்டே, "செஞ்சாரே ஒரு கதவு" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் சேதி வந்துவிட்டது.

சபைப் பத்திரிகைக்கு நாலு வரி எழுதித் தரும்படி எங்கள் போதகர் ஐயர் கேட்டார். எனக்கு ஞாயிற்றுப் பள்ளியில் கற்ற எழுத்துதான். "நல்லதா எழுதுங்கம்மா" என்றார். நடந்ததை எழுதுகிறேன். ஊரிகம் தங்கச் சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் அவரோடு வேலை செய்தவர்கள் இதை வாசிப்பீர்கள். பொய் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள்.

எதையும் சும்மா விடமாட்டார். என் மகள் மேரியை அவர் மகனுக்குக் கட்டிக்கொடுத்த அன்று, ஐயர் ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய், கூரையில் ஆடும் பங்கா விசிறிக் கயிற்றின் உருளைக்கு எண்ணெய் விட்டார். மாப்பிள்ளையின் தகப்பன்! நான் முறைத்தேன். "கிறீச்னு சத்தம் போட்டா ஆண்டவருக்கு ஜெபம் எப்படி சம்பந்தி கேக்கும்?" என்றார். பெண் வீட்டாள் என்பதால் அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மேரி தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்தாள். மார்கழிக் குளிரில், எட்டாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. கோழிக்குஞ்சு அளவுதான் இருந்தது. அழக்கூடச் சத்தம் இல்லை. "சூடு கொறையாம பாத்துக்குங்க, சூடுதான் இதுக்கு உசுரு" என்று மருத்துவச்சி சொல்லிப் போனாள். தட்டிச் சுவரும் தகரக் கூரையுமான சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் சூடு எங்கே நிற்கும்?

உடனே சம்பந்தி ஒரு தகர டப்பாவும் ரப்பர்க் குழாயுமாக வந்து நின்றார். சுரங்க அதிகாரி கேப்டன் துரையின் பங்களாவில் கேஸ் விளக்குக்குக் குழாய் மாட்டப் போனாராம். அதைப் பார்த்து அடுப்பே செய்துவிட்டாராம். டப்பாவுக்குள் கார்பைட் கல். அதன்மேல் தண்ணீர் சொட்டினால் கேஸ் வரும், பற்றவைத்தால் எரியும். "பொகையே கெடையாது. கொழந்தைக்கு நல்லது" என்று என் மண் அடுப்பை இடித்துத் தள்ளிவிட்டு அதை வைத்தார்.

எரிந்தது, இல்லையென்று சொல்லவில்லை. பாம்பு மாதிரி சீறிக்கொண்டு எரிந்தது. வீடு முழுக்க அழுகின பூண்டு வாடை. தட்டி இடுக்கில் காற்று வந்தால் அணைந்துவிடும். பிள்ளைக்கு வெந்நீர் வைத்தால் பாதியில் நின்றுவிடும். சொன்னால், "பழகிக்குங்க சம்பந்தி" என்பார். பழகவேண்டியது நான்!

பத்தாம் நாள் மத்தியானம் அடுப்பு அணைந்துபோனதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. எரியாத கேஸ் வாடை மூக்கைத் துளைத்தது. ஷிப்ட் முடிந்து சம்பந்தி அப்போதுதான் உள்ளே வந்தார்.

"காத்து கெட்டுப்போய்க் கீது, ஜன்னலத் தொறங்க" என்றேன்.

"கெட்டுதா இல்லையான்னு மெழுகுவத்தி சொல்லும், இருங்க" என்றார்.

சுரங்கத்தில் அவர்கள் வழக்கம் அது. வெடி வைத்த இடத்துக்குள் குழாய் வேலைக்கு இறங்கும்போது மெழுகுவர்த்தியோடு முதல் ஆளாகப் போவார். சுடர் நின்று எரிந்தால் மற்றவர்கள் வரலாம். மங்கினால் எல்லாரும் பின்வாங்கவேண்டும். அப்படி எத்தனையோ பேரைப் பத்திரமாக மேலே கொண்டுவந்தவர், அதை மறைக்கமாட்டேன். ஆனால் இது என் சமையல்கட்டு. அதை மறைத்துக் கட்டிய திரைக்குப் பக்கத்தில் தூளியில் பிள்ளை.

"அய்யோ, இது சுரங்க ஷாப்ட் இல்ல சம்பந்தி!"

"காத்து எங்கயும் காத்துதான்."

"உங்க மெழுகுவத்தி சொல்றத நீங்க கேளுங்க. என் மூக்கு சொல்றத நான் கேக்கறேன்" என்று தூளியிலிருந்து பிள்ளையை அள்ளி, மேரியை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினேன். பின்னால் அவர் தீக்குச்சி கிழித்ததும் 'டப்'பென்று ஒரு சத்தம். கூரைத் தகரம் எழும்பி விழுந்தது. லைனே ஓடிவந்து தண்ணீர் ஊற்றியது. திரையும் தூளியும் கரியாகிவிட்டன. புருவமும் பாதி மீசையும் இல்லாமல் வெளியே வந்து நின்றவர் சொன்னதைக் கேளுங்கள்:

"மெழுகுவத்தி எரிஞ்சுதுல்ல சம்பந்தி? அப்போ காத்து நல்ல காத்துதான்."

கையில் பிள்ளை இல்லாதிருந்தால் அன்று என்ன செய்திருப்பேனோ.

மூன்று கல் வைத்து விறகு மூட்டிக்கொள்கிறேன், போங்கள் என்றேன். போகவில்லை. புகை பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது என்று, கேப்டனிடம் கேட்டுப் பழைய பாய்லர்த் தகடு வாங்கிவந்து, வேலைக்கும் போகாமல் இரண்டே நாளில் இந்த இரும்பு அடுப்பைச் செய்தார். கூரையைத் துளைத்துப் புகைக்குழாய் ஏற்றினார். முதல் நாள் குழாயின் வாய் காற்றுக்கு எதிரே இருந்ததால் புகையெல்லாம் வீட்டுக்குள்ளேயே இறங்கியது. "காத்துதான் திரும்பிடுச்சு" என்றார். தப்பு காற்றுடையது! பூதிகோட்டை விறகு வண்டிக்காரனிடம் "ஹசி, ஹசி" என்று கன்னடத்தில் கத்தி, ஈர விறகையெல்லாம் திருப்பி அனுப்பினார். இனி நம் லைனுக்கே வரமாட்டேன் என்று அவன் சத்தியம் பண்ணினான்.

ஆனால் சூடு நின்றது. அந்தக் குளிரைப் பிள்ளை தாண்டியது.

அதன்பிறகு தினமும் வருவார். அடுப்பைத் தொடுவார், குழாயைத் தட்டுவார், போவார். பிள்ளையை மட்டும் தொடமாட்டார். "பொண்ணுன்னு மாமாவுக்குப் பிடிக்கலயாம்மா?" என்று மேரி அழுதாள்.

ஞானஸ்நானத்தன்று, தாத்தா பிடிக்கட்டும் என்றார் ஐயர். பிள்ளை சாராளை அவர் கையில் வைத்தேன். ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் நடுங்காத கை நடுங்கியது. "புடிங்க சம்பந்தி, புடிங்க" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அவர் கைக்கு அடியில் என் கையைக் கொடுத்தேன். ஐயர் தண்ணீர் தெளித்து முடிக்கும்வரை எடுக்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை.

தப்பு என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமலே போய்விட்டார். நான் மன்னிக்கவில்லை, ஐயர் வேண்டுமானால் இந்த வரியை அடித்துக்கொள்ளட்டும். ஆனால் அன்று என் உள்ளங்கைகளின்மேல் கிடந்த அந்த இரண்டு கைகளின் நடுக்கம் என்னிடம் இருக்கிறது. அதை யாருக்கும் கொடுக்கமாட்டேன்.