ஒருத்தர் காலை ஒருத்தர்

மாலை நாலு பத்துக்குப் பள்ளியிலிருந்து வந்த என் மகள் ஷூவைக் கழற்றினாள். சாக்ஸ் முழுக்க ரத்தம். உள்ளே உடைந்த கிளிஞ்சல் ஒன்று பாதத்தைக் கிழித்திருந்தது. அவளுக்குத் தெரியவே இல்லை. பரம்பரையாக வரும் நரம்புக் கோளாறு, காலில் உணர்ச்சி குறையும், பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அதன்பிறகு அவள் யாருக்குமே காலைக் காட்டவில்லை, எனக்குக்கூட.

மரக்காணம் பஸ் நிறுத்தத்தில்தான் அந்த உப்பளத் தொழிலாளிப் பெண்ணைப் பார்த்தேன். கெண்டைக்கால் மெலிந்து, ஒவ்வோர் அடியையும் வாசற்படி தாண்டுவதுபோல் தூக்கி வைத்தார். என் மகளின் நடை! உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி உள்ளங்காலைத் தடவிப் பார்த்தார். என் மகளைப் பற்றிச் சொல்லி, ஏன் தடவுகிறீர்கள் என்று கேட்டேன்.

“கால்ல வெட்டுப்பட்டா உப்புத் தண்ணி மத்தவங்களுக்குச் சுரீர்னு எரியும். எங்க வீட்ல யாருக்கும் எரியாது. அதான் சாயந்தரமானா ஒருத்தர் காலை ஒருத்தர் பாத்துக்குவோம். உன் பொண்ணு காலை யாரும்மா பாக்கறாங்க?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் வீடு எங்கே என்று விசாரித்து, “வர்றேம்மா” என்றார். அவர் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மழை தொடங்கி உப்பளங்கள் மூடின; அவரைக் காணவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். மகள் பாவாடைக்குள் கால்களை இழுத்துக்கொண்டாள். எதிரே தரையில் அமர்ந்து, அவர் தன் காலை அவள் பக்கம் நீட்டினார்.

“எனக்குக் கண்ணு மங்கலாயிருக்குது பாப்பா. புண்ணு ஏதாச்சும் இருக்குதான்னு பாத்துச் சொல்லேன்.”