இழுத்து மூடும் கை

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் வெண்மதியிடம் திட்டு வாங்காத ஆள் ஒருவர் இருந்தால், அவர் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டும். மின்சாரப் பெட்டிக்கான பீங்கான் ஃப்யூஸ் கேரியர் சுடும் சின்ன யூனிட் ஒன்றில் சூளைக்குப் பொறுப்பு அவள். மண் குழைக்கிறவர், அச்சில் அடிக்கிறவர், மெருகு பூசுகிறவர் எல்லாருடைய உழைப்பும் கடைசியில் அவளுடைய சூளைக்குள்தான் போகும். அங்கே ஒரு ஆள் அசந்தால் அத்தனையும் பாழ். அதனால் அவள் வாய்க்கு ஓய்வில்லை. கட்டிய புருஷன் சக்கரபாணிக்கும் சலுகை கிடையாது. சொல்லப்போனால் அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும்.

சக்கரபாணி மங்கலம்பேட்டைக்காரன். ஊர் ஆண்கள் பலரையும் போல வளைகுடாவுக்குப் போனவன், அங்கே ஒரு பறக்கும் கிளப்பில் குட்டி விமானங்களைக் கழுவும் வேலையில் மாட்டினான். கழுவிய கை மெல்ல ஸ்பேனர் பிடித்தது, பிறகு ஓட்டவும் கற்றுக்கொண்டு உரிமம் வரைக்கும் போய்விட்டது. ஊர் திரும்பிய பிறகு பிழைப்புக்கு மனைவியின் சூளையிலேயே பர்னர் பார்க்கச் சேர்ந்தான். ஆனால் வானத்துப் பைத்தியம் விடவில்லை. திட்டக்குடி நண்பன் ராஜ்மோகனோடு சேர்ந்து, பாகம் பாகமாகப் பெட்டியில் வரும் இரண்டு சீட் விமானம் ஒன்றை வாங்கி, யூனிட்டின் பின்பக்கக் குடோனில் கூட்ட ஆரம்பித்தான். அனுமதிக்கு அலைவது ராஜ்மோகன் வேலை, போல்ட் முடுக்குவது சக்கரபாணி வேலை. முதலில் வாய்விட்டுச் சிரித்தவள் வெண்மதிதான். அவன் முடுக்கும் லட்சணத்தைப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தானே ஸ்பேனரை எடுத்துக்கொண்டாள்.

அந்த விமானத்தில் இரண்டு பெட்ரோல் டேங்குகள், இறக்கைக்கு ஒன்று. எதிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் போக வேண்டும் என்பதைச் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பிடிதான் தீர்மானிக்கும். பழைய பைக்கில் குனியாமல் கையை விட்டு ரிசர்வ் போடுவோமே, அதே சமாச்சாரம்தான். பிடி நடுவில் இருந்தால் இடது டேங்க். முன்னால் தள்ளினால் வலது டேங்க். தன் பக்கம் இழுத்தால் இரண்டும் மூடிக்கொள்ளும். பைக் நின்றால் ஓரங்கட்டலாம், மேலே ஓரம் என்று ஒன்று கிடையாது.

பறக்கும் நாள் குறித்தாயிற்று. உளுந்தூர்பேட்டைப் பக்கத்துப் பழைய ரன்வேயில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்னால் கடைசிச் சோதனையாக, விமானத்தின் வாலை லோடு லாரியில் கயிறு போட்டுக் கட்டி, யூனிட் வாசலில் இன்ஜினை ஓட்டினார்கள். இடது டேங்கில் கொஞ்சமாகத்தான் பெட்ரோல். அது தீர்ந்து இன்ஜின் திக்கும்போது வலதுக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். சக்கரபாணிக்கு எல்லாம் தெரியும். இன்ஜின் திக்கியது. அவன் கை பாய்ந்து பிடியைப் பிடித்தது. பிடித்த வேகத்தில் தன் பக்கம் இழுத்தது. இன்ஜின் அடங்கிப்போனது.

"அட, கைப் பழக்கந்தான்," என்று அசடு வழிந்தான்.

வெண்மதி சிரிக்கவில்லை. அந்த இழுப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். அது அவள் சொல்லிக்கொடுத்த இழுப்பு.

சூளையில் பர்னர் சுடர் திக்கினால் அடுத்த நொடி எண்ணெய் வால்வை இழுத்து மூடியாக வேண்டும். மூடாவிட்டால் எரியாத எண்ணெய் கொதிக்கும் சூளைக்குள் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். திரும்பப் பற்றும்போது சூளைக் கதவு ஆளோடு பறக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சக்கரபாணி சுடர் திக்கியதைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டு நின்றான். அன்று பாய்ந்து மூடியவள் அவள்தான். அதன் பிறகு அவனை விடவில்லை. "திக்குனா இழு. அப்பறம் யோசி," என்று நாள்தோறும் காதில் ஓதி, அது மூளையை விட்டிறங்கி கையிலேயே போய்க் குடியேறும்வரை பழக்கினாள். சூளையில் அவன் உயிரைக் காக்கிற அதே கை, மேலே அவனைக் கொல்லும்.

பிடியின் திருகாணியைக் கழற்றினாள். பிடியை டிபன் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ராஜ்மோகன் திட்டக்குடியிலிருந்து பறந்தடித்துக்கொண்டு வந்தான். "என்னக்கா இது? ஞாயித்துக்கெழமய விட்டா மழ வந்துடும். பர்மிஷனுக்கு மறுபடி மொதல்லேர்ந்து அலையணுங்க்கா."

"அலைங்க. நீங்க அலையலாம், நான் தாலியறுக்க முடியாதுங்க."

"பக்கத்துல 'இழுக்காத'ன்னு செவப்புல பெருசா எழுதி ஒட்டிடுவோம். போதாதா?"

"கை படிக்குமா தம்பி?"

ஆனாலும் பிடியைத் திரும்ப மாட்டி, எழுதி ஒட்டிப் பார்த்தார்கள். சக்கரபாணியைச் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, அவன் எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது வெண்மதி பின்னாலிருந்து, இன்ஜின் திக்குவதுபோலத் தகரத்தைத் தட்டினாள். இழுத்தான். மறுபடி தட்டினாள், மறுபடியும் இழுத்தான். மூன்றாம் முறை அவனுக்கே முகம் வெளுத்துவிட்டது. ராஜ்மோகன் கோபத்தில் டீகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனான். அந்த ஞாயிற்றுக்கிழமை விமானம் குடோனிலேயே கிடந்தது. பேட்டையில் பார்க்கிறவர்களெல்லாம், "என்னங்க, பறக்கலியா?" என்று கேட்டுச் சக்கரபாணியின் பிராணனை வாங்கினார்கள்.

"பர்னர் வேலய விட்டுடட்டுமா?" என்றான் அவன் ஒருநாள்.

"விட்டாலும் கை மறக்காதுங்க. கைய மாத்த முடியாது. வழிய மாத்தலாம்."

மழைக்காலம் முழுக்க அவள் அதே வேலையாக இருந்தாள். முதலில் பிடிக்குப் பின்னால் அலுமினியத் தகட்டை வளைத்து ஒரு தடுப்பு வைத்தாள். சக்கரபாணி இழுத்த இழுப்பில் அது மடங்கிப்போனது. அடுத்தது தாங்கியது, ஆனால் வலதுக்குத் தள்ளும்போது பிடி உரசியது. அதையும் கழற்றி எறிந்தாள். கடைசியில் ஜங்ஷன் ரோட்டு லேத் பட்டறையில் கெட்டிப் பித்தளைத் தகட்டை அறுத்துவந்து மாட்டினாள். இப்போது இடதுக்கும் வலதுக்கும் பிடி வழுக்கிக்கொண்டு போகும். மூட வேண்டுமென்றால் மட்டும், ஸ்பிரிங் வைத்த ஒரு பொத்தானை இன்னொரு கையால் தூக்கிப் பிடித்தாக வேண்டும்.

கோபம் ஆறி வந்த ராஜ்மோகன் இதைப் பார்த்துவிட்டுக் கேட்டான். "தீப்புடிச்சா ஒடனே மூட வேணாமாக்கா?"

"மூடட்டும். யாரு வேணாம்னா? நெனச்சு மூடணும். கை தானா மூடக் கூடாது."

சக்கரபாணிக்கு வேறு குறை. "தகட்டு ஓரம் கூரா இருக்குது மதி. அரம் போட்டு மழுக்கிடேன்."

"இருக்கட்டும். பட்டாத்தான் தெரியும்."

பொங்கல் கழிந்து வானம் தெளிந்த பிறகு, மறுபடி வாங்கிய அனுமதியோடு ரன்வேக்குப் போனார்கள். சக்கரபாணி தனியாக ஏறி ஓட்ட, விமானம் ஓடி, எழும்பி, முந்திரித் தோப்புக்கு மேலே வளைந்தது. ராஜ்மோகன் சின்னப்பிள்ளை போலக் கைதட்டினான். வெண்மதி கண்ணுக்குக் கையைக் குடையாகப் பிடித்து அண்ணாந்து பார்த்தாள். இரண்டாவது சுற்று வரும்போது இன்ஜின் சத்தம் திக்கியது.

ஒரு திக்கு. இன்னொன்று. பிறகு சத்தமே இல்லை. தரையில் நின்றிருந்த வெண்மதி தன் வலது கையைப் பார்த்தாள். அது முட்டி மடித்து இடுப்புக்கு இழுத்துக்கொண்டிருந்தது. 'அவரு கையும் இப்ப இதத்தான் செய்யும்' என்று நினைத்தாள். விமானம் தோப்புப் பக்கமாகத் தாழ்ந்தது. ராஜ்மோகன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

இன்ஜின் இருமியது. இருமிவிட்டு, முழுத் தொண்டையில் பிடித்துக்கொண்டது.

இறங்கியதும் இருவரும் ஓடினார்கள். ராஜ்மோகன் நேராக இடது டேங்கைப் பார்த்தான். அதற்குக் காற்று விடும் குழாய்க்குள் கம்பியை விட்டுத் துழாவினான்; கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் ஒரு குளவிக்கூடு அடைத்திருந்தது. யூனிட்டின் வெள்ளைப் பீங்கான் மண்ணை எடுத்துவந்து குளவி கட்டிய கூடு. அதனால்தான் காற்றுப் போகாமல், டேங்கில் பெட்ரோல் இருந்தும் இன்ஜினுக்கு இறங்கவில்லை.

சக்கரபாணி இன்னும் சீட்டை விட்டு எழவில்லை. வெண்மதி அருகில் போனதும் வலது கையை நீட்டினான். சுண்டுவிரலுக்குக் கீழே தோல் வழண்டு, பித்தளைத் தகட்டின் ஓரம் நீளமாகப் பதிந்து, ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"இழுத்துட்டேன் மதி. தெரிஞ்சும் இழுத்துட்டேன். தகடு பட்ட அப்பறம்தான் தள்ளுனேன்."

அவள் முந்தானையால் அந்தக் கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். விடவேயில்லை.

பின்னால் வந்த ராஜ்மோகன் காயத்தைப் பார்த்துப் பதறினான். "மொதல்ல அந்த ஓரத்த அரம் போட்டு மழுக்கணும்."

"வேணாம்டா," என்றான் சக்கரபாணி. "அப்பிடியே இருக்கட்டும்."