செம்மண் கோர்ட்டில் ஒரு பாராட்டு விழா

எங்கள் பாஸ்கெட்பால் மிஸ் போன ஜூன் மாதம் தவறிவிட்டார். அவரைப் பற்றி எழுது என்று பழைய டீம் பெண்கள் என் தலையில் கட்டிவிட்டார்கள். மாதாப்பூர் ஐ.டி. கம்பெனிகளில் பெரிய பதவிகளில் இருக்கிற அத்தனை பேர் இருக்க நானா கிடைத்தேன் என்று கேட்டேன். மிஸ் பேசின திருநெல்வேலித் தமிழ் உனக்குத்தான் முழுசாகப் புரியும், போதாததற்கு உனக்கு வாயும் ஜாஸ்தி என்றார்கள். இரண்டையும் மறுக்க முடியவில்லை.

மிஸ் கல்யாணமாகி ஹைதராபாத்துக்கு வந்தவர். கணவருக்கு மத்திய அரசு வேலை. மல்காஜ்கிரியில் எங்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர் இடம் காலியாக இருந்தது, சேர்ந்துவிட்டார். சேர்ந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது, பள்ளியில் பந்து இருக்கிறது, விளையாடப் பெண்கள் இல்லை என்று. வயசுக்கு வந்த பெண்ணை அரைப்பாவாடையோடு ஓடவிட ரயில்வே குவார்ட்டர்ஸில் எந்த அப்பாவும் தயாராக இல்லை. என் அப்பா முதல் ஆள்.

அதற்கு மிஸ் ஒரு வழி வைத்திருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வருவார், உட்காருவார், நலம் விசாரிப்பார். அம்மா காபி கொண்டுவந்து வைப்பாள். மிஸ் அதைத் தொடமாட்டார். "குடிங்க டீச்சர், ஆறிடப்போகுது" என்பாள் அம்மா. "இருக்கட்டும்மா, சார் ஒரு வார்த்தை சொல்லட்டும், குடிக்கேன்" என்பார் மிஸ். வீட்டுக்கு வந்தவர் காபியைத் தொடாமல் எழுந்து போவதைத் தாங்குகிற தமிழ்க் குடும்பம் எந்த ஊரில் இருக்கிறது? அம்மா சமையலறை வாசலில் நின்று அப்பாவை முறைப்பாள். அப்பா பேப்பரை மடிப்பார், பிரிப்பார். கடைசியில் "சரி, ஆறு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடணும்" என்றார். மிஸ் ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளம்பினார். எங்கள் டீமில் பாதிப்பேர் இப்படிக் காபியால் சேர்ந்தவர்கள். தெலுங்கு வீடுகளில் டீ, அவ்வளவுதான் வித்தியாசம்.

கோர்ட் செம்மண் தரை. சிமெண்ட் போடப் பள்ளிக்கு மனசு வரவில்லை. தினமும் தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்ட பிறகுதான் பந்து கைக்கு வரும். செருப்போடு கோட்டைத் தாண்டினால் ஹெட்மாஸ்டரையே மிஸ் திட்டுவார். ஒருமுறை திட்டியும் இருக்கிறார்.

அவர் தவறுவதற்கு ஆறு மாதம் முன்பு, டிசம்பரில், ரிட்டயராகி வீட்டிலிருந்த அவருக்குப் பாராட்டு விழா எடுக்கலாம் என்று வாட்ஸாப்பில் முடிவானது. பொறுப்பை எடுத்துக்கொண்டவள் எங்கள் பழைய கேப்டன். அலுவலகத்தில் எப்படியோ அப்படியே இதையும் நடத்தினாள். பேனர், கேடயம், சால்வை, ஷாமியானா, மேடை, சமோசா. எல்லாமே மிஸ்ஸுக்குத் தெரியாமல் நடக்க வேண்டும், ஸர்ப்ரைஸாம். இடம் பழைய கோர்ட். அதைவிடப் பொருத்தமான இடம் உண்டா என்று எல்லோரும் கைதட்டும் படம் போட்டோம்.

சனிக்கிழமை மதியம் நான் ஹப்சிகுடாவில் மிஸ் வீட்டுக்குப் போய் அவரை அழைத்து வந்தேன். ஐந்து மணிக்குப் போகலாம் என்றதற்கு மூன்றரைக்கே கிளம்பி நின்றார், அவர் சுபாவம் அது. பள்ளியில் யாரோ பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று மட்டும் சொல்லியிருந்தேன். முட்டிவலியோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார்.

கோர்ட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

ஷாமியானாக்காரர்கள் கடப்பாறையால் தரையெங்கும் குழி தோண்டி மூங்கில் நட்டிருந்தார்கள். நடு வட்டத்தில் மேடை. ரிங்குக்கு அடியில் சமோசா எண்ணெய் கொதிக்க இரண்டு அடுப்பு. பட்டுப்புடவையில் எங்கள் கேப்டன் "ஸர்ப்ரைஸ்!" என்று ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் பூத்தட்டோடு ஒரு பெண் நின்றிருந்தாள். இப்போதைய டீமில் ஆடுகிற பத்தாம் வகுப்புப் பெண். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

மிஸ் கேப்டனை விட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம் போனார். "ஏட்டி, என்னத்துக்கு அழுத?"

வீட்டில் தமிழ்தான், ஆனால் இங்கே வளர்ந்த பிள்ளைகளைப்போல அவளுக்குப் பதில் ஹிந்தியில்தான் வரும். "கல் ஹமாரா மேட்ச் ஹை, மிஸ்." நாளைக்கு அவர்களுக்கு மேட்ச்.

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு இதே கோர்ட்டில் பள்ளிகளுக்கிடையே போட்டி. கோர்ட் தயாராக இல்லையென்றால் ஆடாமலேயே எதிர் டீமுக்கு வெற்றி. அவளுடைய அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. இதுதான் கடைசி மேட்ச், திங்கட்கிழமையிலிருந்து டியூஷன் என்று சொல்லிவிட்டாராம். அவர் வீட்டில் போய்க் காபி ஆறும்வரை உட்கார இப்போது யாரும் இல்லை. நாங்கள் பள்ளி ஆபீஸில்தான் அனுமதி கேட்டோம். மேட்சை ஏற்பாடு செய்த பார்ட்-டைம் கோச் ஆபீஸில் சொல்லவே இல்லையாம்.

மிஸ் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "என்னையப் பாராட்ட வந்தியளா, பொதைக்கக் குழி தோண்ட வந்தியளா?"

அந்தத் தரையை எத்தனை வருஷம் நாங்களே ரோலர் இழுத்துச் சமன் செய்திருக்கிறோம்! எங்களில் ஒருத்திக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? மேடை, பேனர் என்று வந்துவிட்டால் நமக்குக் கண் தெரியாமல் போய்விடுகிறது. எனக்கு எங்கள் எல்லோர் மேலும் கோபம் கோபமாக வந்தது.

"பந்தலப் பிரிங்க" என்றார் மிஸ்.

"மிஸ், சீஃப் கெஸ்ட் அஞ்சு மணிக்கு..." என்று கேப்டன் இழுத்தாள்.

"அவரும் ஒரு கை பிடிக்கட்டும்."

பந்தல்காரர் முதலில் "நக்கோ அம்மா" என்று முடியாதெனத் தலையாட்டினார். மிஸ் ஒரு நாற்காலியைக் கோட்டோரமாகப் போடச் சொல்லி, அவரைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் அவரே ஆட்களைக் கூப்பிட்டுக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். ஆளை அசைக்கிற அந்த உட்காரலை நாங்கள் நன்றாக அறிவோம்.

பிறகு எல்லோரும் புடவையைத் தூக்கிச் செருகினோம். பள்ளிக்குப் பின்னால் குவிந்திருந்த செம்மண்ணைச் சட்டியில் அள்ளி வந்தோம். மிஸ் நாற்காலியில் இருந்தபடியே விரட்டினார். "ஒரே மூச்சுல ரொப்பாதட்டி, அமுங்கிரும். கொஞ்சம் போடு, தண்ணி தெளி, இடி. மறுபடி போடு." கேப்டன் பட்டுப்புடவையோடு திமிசுக்கட்டையைத் தூக்கிக் குழிகளை இடித்தாள். எண்ணெய் சிந்திய மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் போட்டோம். சீஃப் கெஸ்ட் ஐயா வந்து, விழித்து, கோட்டைக் கழற்றிவிட்டு எங்களோடு ரோலர் இழுத்தார். நல்ல மனிதர். இருட்டுவதற்குள் தரை ஒன்றுபோல் ஆனது. சால்வை காரிலேயே கிடந்தது, பாராட்டுப் பேச்சும் நடக்கவில்லை. சமோசாவை மட்டும் மிச்சம் வைக்கவில்லை.

காலையில் மிஸ் மறுபடியும் வந்தார். வரவேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? மூடிய குழிகளின் மேல் பந்தைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். பந்து ஒழுங்காக எழும்பியது. நடுவர் ஒரு சுற்று நடந்து பார்த்தார், ஜெயித்தால் அடுத்த மேட்ச் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்தார்.

மேட்சைப் பற்றி நிறையச் சொல்லலாம். அந்தப் பெண் ஓடின ஓட்டத்தை மட்டும் சொல்கிறேன். இன்றோடு எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்தவள் ஓடுகிற ஓட்டம் அது. அவள் பெரிதாகப் புள்ளி எடுக்கவில்லை. எதிராளி கையிலிருந்து பந்தைப் பிடுங்குவாள், யார் நல்ல இடத்தில் நிற்கிறாளோ அவளுக்குக் கொடுப்பாள், திரும்ப ஓடுவாள். கடைசி நிமிடத்தில் விழுந்த ஒரு கூடையில் ஜெயித்தார்கள்.

அவளுடைய அப்பா அவளை அழைத்துப் போகத்தான் வந்திருந்தார். முதலில் வேலிக்கு வெளியே ஸ்கூட்டரில் ஒரு காலை ஊன்றியபடி நின்றார். எப்போது இறங்கி உள்ளே வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. மேட்ச் முடிந்தபோது எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, தொண்டை கட்டிப்போகும் அளவுக்குக் கத்திக்கொண்டிருந்தார். மிஸ் யார் என்று அவருக்குத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரிய அம்மாவிடம் குனிந்து கேட்டார்.

"அடுத்த மேட்ச் எப்பம்மா? ஷிஃப்ட் மாத்திக்கணும்."

மிஸ் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "வெள்ளிக்கிழம சாயங்காலம் சார். புள்ளையக் கொஞ்சம் சீக்கிரம் கொண்டாந்து விடுங்க" என்றார்.

அவர் மகளைத் தேடிப் போனதும் மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நேத்தே நான் செத்திருந்தா இதப் பாத்திருக்க மாட்டேன்லாட்டி" என்றார்.

எனக்குக் கண் நிறைந்து கோர்ட்டே தெரியவில்லை. மிஸ் அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார்.