இரவில் மூடக்கூடாத சிலிண்டர்

அமெரிக்காவில், ரிச்சர்ட்சனில் எங்கள் வீட்டு கராஜில் ஒரு சிலிண்டர் நிற்கிறது. இரவும் பகலும் அது திறந்தே இருக்க வேண்டும். படுக்கப் போகுமுன் சிலிண்டரை மூடியாயிற்றா என்று கேட்காத வீடு நாகர்கோவிலில் உண்டா? ஆனால் இது அடுப்புக்கான கேஸ் அல்ல. நான் காய்ச்சும் பியருக்கான கார்பன் டை ஆக்சைடு. பியர் நிறைந்த எஃகு பீப்பாய்க்கு, அதைக் கெக் என்பார்கள், ரெகுலேட்டர் வழியாக அளவோடு போய்க்கொண்டே இருக்கும். அதில் அழுத்தம் காட்டும் முள் பன்னிரண்டில் நின்றால் நுரை அழகாக நிற்கும்.

பக்கத்து வீட்டு டேல் ஒவ்வொரு முறையும் குடித்துவிட்டு என் கணவரைப் பாராட்டுவார். அவருக்கோ டீ போடக்கூடத் தெரியாது. நான் செய்தது என்றால், பாட்டில் கழுவித் தந்தேன் என்று டேல் புரிந்துகொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தெருக்காரர்கள் பார்பிக்யூ விருந்துக்கு என் பியரைக் கேட்டதும், இந்த முறை யார் கைப்பக்குவம் என்று ஊருக்கே காட்டிவிடுவது என்றிருந்தேன்.

விருந்தன்று காலை கெக்கின் குழாயைத் திறந்தால் பியர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. ரெகுலேட்டரைத் திருகினேன், முள் அசையவில்லை. எங்காவது கசிகிறதோ என்று ஊர் வழக்கப்படி இணைப்புகளில் சோப்பு நுரை தடவினேன், குமிழே இல்லை. மேலும் திருகினேன். ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, என் கணவரின் அம்மா, பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அது சோடா மிஷின் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

“வந்த அன்னைக்கி ராத்திரியே நாந்தான் மூடிட்டேன் மக்களே. தொறந்து போட்டுட்டு எப்பிடி உறங்குதது?”

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. ரெகுலேட்டரை முழுக்கத் திருகி வைத்ததை மறந்து சிலிண்டரைத் திறந்துவிட்டேன். குழாயில் கை வைத்ததும் நுரை சீறி இருவரையும் நனைத்தது. அத்தை உதட்டில் பட்டதை நாக்கால் தொட்டுப் பார்த்தார். இனி எதை மறைப்பது? பியர்தான், நான்தான் காய்ச்சினேன் என்றேன். அத்தையோ சர்ச்சில் ஞாயிறு பூசை தவறாதவர்.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பொறவு, வாறவங்களுக்கு என்னத்தக் குடுப்ப? சீக்கிரம் சரி பண்ணு.”

கெக்கில் அதிகமாக ஏறிய கேஸை வெளியேற்றி, முள்ளைப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தேன். சாயங்காலம் பியர் பிரமாதமாக வந்தது. டேல் வழக்கம்போல என் கணவர் பக்கம் கிளாஸை உயர்த்தினார். அமெரிக்கா வந்து வெளியாள் ஒருவரிடமும் வாய் திறக்காத அத்தை என் தோளில் கை வைத்தார். “நோ. ஷீ மேக்.”

டேலின் கிளாஸ் என் பக்கம் திரும்பியது. என் கண் கலங்கியது உண்மை.

அத்தை ஊருக்குப் போய்விட்டார். அங்கே படுக்கப் போகும் நேரம், இங்கே எனக்குக் காபி நேரம், போன் வரும். “மக்களே, சிலிண்டரத் தொறந்து வச்சிருக்கியா?”

தன் அடுக்களை சிலிண்டரை மூடிவிட்டு வந்துதான் கேட்கிறார்.